அந்தச் சிவப்பு எங்கே போனது?

கேமரா கேள்வி-பதில்

செப்டம்பர் பாதி தாண்டிவிட்டால் போதும், கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரும் கடிதங்கள் பெரும்பாலும் இலைகளைப் பற்றியே இருக்கும். இந்த முறை காஷ்மீர் போகிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அதனால் இந்த இதழின் பக்கங்கள் முழுக்க இலையுதிர் காலத்துக்குத்தான். இடம் போதாததால் கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்தார்கள், ஆகவே எல்லோருக்கும் ஊர் மட்டும்.

அண்ணா, போன அக்டோபரில் பிள்ளைகளோடு கனடாவின் அல்கோன்குயின் பூங்காவுக்குப் போனோம். நேரில் மரமெல்லாம் தீப்பிடித்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தால் சாம்பல் பூசின மாதிரி ஒரு மங்கல். சாச்சுரேஷனை, அதாவது நிற அடர்த்தியைக் கூட்டினால் பிளாஸ்டிக் பூ மாதிரி ஆகிறது. கேமராவின் பிழையா, என் பிழையா? – வாசகி, ஸ்கார்பரோ

தங்கச்சி, உங்கள் பிழையும் இல்லை, கேமராவின் பிழையும் இல்லை. இலையின் மேல்பக்கத்தில் மெழுகு மாதிரி ஒரு வழவழப்பு உண்டு, வானத்தின் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி வருகிறது. ஒவ்வொரு இலையும் ஒரு சின்னக் கண்ணாடி மாதிரி வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மலைச்சரிவு முழுக்க லட்சக்கணக்கான இலைகள், ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய வெள்ளைப் பூச்சு. நேரில் நிற்கும்போது தலையை அசைக்கிறோம், இலையும் அசைகிறது, மூளை அந்த வெளுப்பை ஒதுக்கிவிட்டு நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. கேமரா அப்படி ஒதுக்காது, இருப்பதை அப்படியே வாங்கி வைக்கும். அந்த வெளுப்போடு சேர்த்து நிறத்தைக் கூட்டினால் நீங்கள் சொன்ன பிளாஸ்டிக்தான் கிடைக்கும்.

இதற்குச் சரியான மருந்து போலரைசர் ஃபில்டர். லென்ஸின் முன்னால் திருகி மாட்டுவது, மாட்டியபின் அதன் வளையத்தை மெதுவாகச் சுழற்ற வேண்டும். சுழற்றச் சுழற்ற ஒரு கட்டத்தில் இலைகளின் மேலிருந்த வெளுப்பு சட்டென்று கழன்று விழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதல் தடவை பார்க்கிற யாரும் ஒரு நிமிடம் அசந்துபோவார்கள். மேகமூட்டமான நாளில், மழை பெய்து இலை நனைந்திருக்கும்போது இதன் பலன் இன்னும் அதிகம். வெயில் நாளில் சூரியன் உங்கள் தோள்பக்கம் இருக்கிற மாதிரி நின்றால் நன்றாக வேலை செய்யும், நேர் முன்னாலோ நேர் பின்னாலோ இருந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கிவிடும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது), அதற்கேற்ப ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் வெளிச்ச உணர்திறனைக் கூட்டிக்கொள்ளுங்கள். மிக அகலமான லென்ஸில் மாட்டினால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருநீலமாகத் திட்டுப்படும், அங்கே வேண்டாம். எடிட்டிங்கில் மற்ற எந்த ஃபில்டரையும் ஓரளவு ஒப்பேற்றிவிடலாம், இதை முடியாது, ஏனென்றால் வெளுப்புக்குக் கீழே இருந்த நிறம் ஃபைலுக்குள் வரவே இல்லை.

போனில் எடுப்பவர் என்றால் போலரைஸ்டு கூலிங் கிளாஸ் ஒன்றை போன் லென்ஸுக்கு முன்னால் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். கண்ணாடியின் சாயம் கொஞ்சம் ஏறும், அதைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

இன்னொன்று, வெளிச்சத்தின் நிறத்துக்கேற்பப் படத்தைச் சரிசெய்யும் வைட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டிருப்பீர்கள். ஃப்ரேம் முழுக்க மஞ்சளும் சிவப்புமாக இருந்தால், விளக்கு வெளிச்சம்தான் மஞ்சளாக இருக்கிறதோ என்று நினைத்து கேமரா பல நேரம் நீலத்தைக் கலந்துவிடும். பார்த்து ரசித்த சூட்டை அதுவே ஆற்றிவிடுகிறது. டேலைட்டில் வையுங்கள், மேகமூட்டம் என்றால் க்ளவுடி. அவ்வளவுதான்.

சார், நான் ரா ஃபைலில்தான் (கேமரா பதப்படுத்தாத படம்) எடுக்கிறேன், போலரைசரும் இருக்கிறது. எனக்குப் பிரச்சினை நேர் எதிர். செக்கச்சிவந்த மேப்பிள் மரத்தை எடுத்தால் மரம் ஒரே சிவப்புத் திட்டாக வருகிறது, தனித்தனி இலையே தெரியவில்லை. ஃபோகஸ் சரியாகத்தான் இருக்கிறது. – கல்லூரி மாணவர், பாஸ்டன்

தம்பி, இருட்டிலிருந்து வெளிச்சம் வரை படத்தில் எது எவ்வளவு என்று காட்டும் வரைபடமான கேமராவின் ஹிஸ்டோகிராமை வெள்ளையாக ஒரே மேடாகப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மெனுவில் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராம் என்று இருக்கும், அதைப் போடுங்கள். வெயில் பட்ட சிவப்பு மேப்பிளில் பச்சை, நீல மேடுகள் இடதுபக்கமும் நடுவிலுமாக ஒழுங்காக உட்கார்ந்திருக்கும், சிவப்பு மேடு மட்டும் வலது சுவரில் போய் மோதி நிற்கும். மூன்றையும் சேர்த்துச் சராசரியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமில் அது தெரியாது, எல்லாம் நலம் என்றே காட்டும். சிவப்பு நிரம்பி வழிந்துவிட்டால் இலைக்கும் இலைக்கும் இடையே இருந்த வித்தியாசம் போய்விடும், நரம்பு, மடிப்பு, நிழல் எதுவும் மிஞ்சாது.

நான் முதன்முதலாக நியூ ஹாம்ப்ஷயரில் எடுத்த 3 நாள் படங்களில் நல்ல மரங்கள் அத்தனையையும் இப்படித்தான் இழந்தேன். அன்றைக்குச் சின்னத் திரையில் பார்க்கும்போது அருமையாக இருந்தது, ஊருக்கு வந்து பெரிய திரையில் விரித்தபோது குங்குமத்தைக் கொட்டிவைத்த மாதிரி இருந்தது. இன்றும் அந்த மரங்கள் நினைவுக்கு வந்தால் மனசு வலிக்கும்.

எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்ச அளவை) மூன்றில் ஒரு ஸ்டாப்பிலிருந்து மூன்றில் இரண்டு ஸ்டாப் வரை குறைத்து எடுங்கள். ரா என்பதால் நிழல்களைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். ஒரு விஷயம், கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் ராவிலிருந்து வருவதில்லை, உள்ளே கேமரா பதப்படுத்தி வைக்கும் ஜேபெக் படத்திலிருந்து வருகிறது. விவிட், லேண்ட்ஸ்கேப், வெல்வியா மாதிரி அடர்நிறப் பாணியை வைத்திருந்தால் சிவப்பு வழிவதாக அது மிகையாகச் சொல்லும், நியூட்ரலில் வைத்தால் உண்மைக்குப் பக்கத்தில் வரும். (வெல்வியா என்பது 1990இல் ஃபியூஜி கொண்டுவந்த ஃபிலிம் சுருளின் பெயர். நிலக்காட்சி எடுத்தவர்கள் அதன் அடர்நிறத்துக்காகவே தேடி வாங்கினார்கள். ஃபிலிமின் அந்த அழகை நானும் நேசிக்கிறேன், ஆனால் மேப்பிளுக்கு அது வேண்டாம்.)

படம் கெட்டுவிட்டது என்று வந்தபின் தெரிந்தால், லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் எக்ஸ்போஷரை இறக்குவதோடு நிறப் பாணியான ப்ரொஃபைலையும் அடோபி நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள். செத்துவிட்டது என்று நினைத்த இலைகளில் பாதி உயிர்பிழைத்து வரும்.

எப்போது போனால் சரியான நேரம்? இரண்டு வருடமாக ஏமாந்துவிட்டோம். ஒரு முறை பச்சை, அடுத்த முறை மொட்டை. – வாசகர், மிசிசாகா

ஐயா, "சரியான நேரம்" என்று ஒரே நாளைத் தேடுவதுதான் ஏமாற்றுகிறது. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு நேரம். இலையில் மஞ்சள் எப்போதும் இருக்கிறது, கோடை முழுக்கப் பச்சையம் அதை மூடி வைத்திருக்கிறது, பகல் குறையக் குறைய பச்சையம் சிதைந்து மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியில்லை. பெரும்பாலும் இலை அந்த நேரத்தில்தான் அதைப் புதிதாகச் செய்கிறது, காம்பின் அடியில் வழி அடைபட்டு சர்க்கரை இலைக்குள்ளேயே தேங்கும்போது. அதனால்தான் மஞ்சள் ஏறக்குறைய எல்லா ஆண்டும் ஒரே மாதிரி வரும், சிவப்பு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பகலில் நல்ல வெயில், இரவில் உறைபனி விழாத குளிர், இப்படி ஒரு வாரம் தொடர்ந்தால் அந்த ஆண்டு சிவப்பு அமோகம். சூடான, மேகமூட்டமான செப்டம்பர் என்றால் மந்தம்தான்.

அல்கோன்குயினில் சுகர் மேப்பிள் பொதுவாக செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து அக்டோபர் முதல் வாரத்துக்குள் உச்சத்தைத் தொடும். அது உதிர்ந்த பிறகு ஆஸ்பெனும் பிர்ச்சும் மஞ்சளாகும். நீங்கள் "மொட்டை" என்று திரும்பிய அந்த வாரத்தில், சதுப்பு ஓரங்களில் டாமரக் என்ற மரம் பொன்னாக நின்றிருக்கும். பார்க்க பைன் மாதிரி ஊசி இலை, ஆனால் குளிர்காலத்துக்கு முன் அத்தனை ஊசியையும் மஞ்சளாக்கி உதிர்த்துவிடும். அக்டோபர் நடுவில் கூட்டம் குறைந்திருக்கும், காலையில் சதுப்பின் மேல் பனிமூட்டம் இருக்கும், எனக்குக் கேட்டால் அதுதான் அங்கே நல்ல வாரம் என்பேன். டாம் தாம்சன் என்ற ஓவியர் இந்தக் காட்டைத்தான் சின்னச் சின்னப் பலகைகளில் வரைந்துகொண்டே இருந்தார், 1917இல் அங்கேயே கனூ ஏரியில் இறந்தும் போனார். அவருடைய பலகைகளைப் பார்த்தால் தெரியும், சிவப்பு மேப்பிள் மட்டும் அவருக்குக் காடாக இருக்கவில்லை, மஞ்சள் பிர்ச்சும் சாம்பல் வானமும் கறுத்த தண்ணீரும் சேர்ந்துதான் காடு.

நடைமுறை விஷயம்: மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போய் வாசலில் திரும்பி வராதீர்கள். சீசனில் நாள் அனுமதியை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிட வேண்டும், வார இறுதிகளில் சீக்கிரம் தீர்ந்துவிடும். பூங்காவுக்குள் 60ஆம் நெடுஞ்சாலை 56 கி.மீ. நீளம், எல்லோரும் லுக்அவுட் பாதையில்தான் போய் நிற்பார்கள். 2 கி.மீ. சுற்று, ஏற்றம் கொஞ்சம் செங்குத்து, மேலிருந்து காட்சி உண்மையிலேயே பிரமாதம். ஆனால் விடியற்காலையில் ஏதாவது ஒரு ஏரிக்கரையில் நில்லுங்கள். காற்று எழும்புவதற்கு முன் தண்ணீர் அசையாது, இரவுக் குளிரில் ஏரியிலிருந்து ஆவி கிளம்பும், சூரியன் மேலே வந்து அரை மணி நேரத்தில் எல்லாம் கலைந்துவிடும்.

விடுப்பே கிடைக்கவில்லையா? நகரத்துக்குள் நிறம் தாமதமாகத்தான் வரும். அக்டோபர் பிற்பாதியில் ஸ்கார்பரோவின் ரூஜ் தேசியப் பூங்கா இருக்கவே இருக்கிறது.

இலையுதிர் காலப் படத்துக்கு எந்த லென்ஸ்? – வாசகர், நியூ ஜெர்சி

70-200 மி.மீ. வகை ஜூம். அகல லென்ஸில் மலை சிறுத்துப் போகும், மேலே வெற்று வானமும் கீழே தார் ரோடும்தான் பெரிதாக வரும். மலைச்சரிவில் எங்கே ஒரு மஞ்சள் மரம் பச்சை பைன் கூட்டத்துக்கு நடுவே தனியாக நிற்கிறது என்று பார்த்து அதை மட்டும் வெட்டி எடுங்கள். போனிலும் 0.5 வேண்டாம், 2 அல்லது 3க்குப் போங்கள். அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8 போதும். காற்று அடித்தால் ஷட்டரை நொடியில் 200இல் ஒரு பங்குக்கு ஏற்றுங்கள், ஐஎஸ்ஓ 800 ஆனாலும் பரவாயில்லை. ட்ரைபாட் கேமராவை நிறுத்தும், இலையை நிறுத்தாது.

நியூ ஹாம்ப்ஷயரில் கன்கமேகஸ் நெடுஞ்சாலை வழியாகப் போகப்போகிறோம். அருவியையும் இலையையும் சேர்த்து எடுப்பது எப்படி? அருவி பட்டு மாதிரி வந்தால் இலை கலங்கிவிடுகிறது. – வாசகி, கனெக்டிகட்

இரண்டு படம் எடுங்கள் அம்மா, ட்ரைபாடை அசைக்காமல். ஒன்று தண்ணீருக்கு, அரை நொடி போதும், ரொம்ப நீட்டினால் தண்ணீர் பால் கொட்டின மாதிரி ஆகிவிடும். இன்னொன்று இலைக்கு, ஐஎஸ்ஓவைக் கூட்டி வேகமான ஷட்டரில். பிறகு போட்டோஷாப்பில் தண்ணீர்ப் படத்தின் மேல் இலைப் படத்தை வைத்து, மேல்படத்தில் தண்ணீர் இருக்கும் இடத்தை மட்டும் மாஸ்க்கில் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் பிரித்து வேலை செய்யும் வசதி) துடைத்துவிட்டால் முடிந்தது. போலரைசரை மறக்காதீர்கள், ஈரப் பாறையின் வெள்ளைப் பளபளப்பும் அதில் போய்விடும். மழைத்தூறல் நாளாகப் பார்த்துப் போங்கள். அருவிக்கு வெயில் எதிரி, அதோடு நனைந்த மரத்தின் அடிமரம் கறுத்துவிடும், அந்தக் கறுப்புக்குப் பக்கத்தில் மஞ்சள் தானாக ஒளிரும். அந்தச் சாலை சுமார் 55 கி.மீ., லிங்கனுக்கும் கான்வேக்கும் நடுவே பெட்ரோல் பங்க் கிடையாது, போன் சிக்னலும் பல இடங்களில் கிடைக்காது. டேங்க்கை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

லைட்ரூமில் நீங்கள் என்ன வரிசையில் செய்வீர்கள் என்று ஸ்லைடர் ஸ்லைடராகச் சொல்ல முடியுமா? நான் வைப்ரன்ஸைத்தான் நம்பியிருக்கிறேன். – வாசகர், சிங்கப்பூர்

சொல்கிறேன், ஆனால் எண்களை அப்படியே காப்பி அடிக்காதீர்கள், ஒவ்வொரு படமும் வேறு.

முதலில் உட்காரும் இடம். போனிலோ லேப்டாப்பிலோ நைட் ஷிஃப்ட், ட்ரூ டோன் மாதிரி திரையை மஞ்சளாக்கும் வசதிகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மஞ்சள் திரையில் எடிட் செய்தால், மஞ்சள் ஏற்கெனவே போதும் என்று நினைத்துப் படத்தை நீலமாக்கி வைப்பீர்கள், காலையில் பார்த்தால் இலையெல்லாம் நோயாளி மாதிரி இருக்கும். எனக்கு வரும் படங்களில் பாதிக்கு இதுதான் வியாதி.

அடுத்து வைட் பேலன்ஸ். இதைச் சரியாக வைத்தாலே முக்கால் வேலை முடிந்தது. படத்தில் சாம்பல் பாறையோ தார் ரோடோ இருந்தால் அதைப் பார்த்துக்கொண்டே வெப்பத்தைக் கூட்டுங்கள், பாறை மஞ்சளாகத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி ஒரு சுற்று பின்னால் வாருங்கள். பிறகு எக்ஸ்போஷர், ஹைலைட்ஸ். ஷேடோஸை மட்டும் தூக்காதீர்கள், எல்லோரும் முதலில் அதைத்தான் முழுக்க வலதுபக்கம் தள்ளுகிறார்கள். காட்டுக்குள் இருட்டு இருக்க வேண்டும், அந்த இருட்டின் மேல்தான் இலை ஒளிர்கிறது, அதைத் தூக்கிவிட்டால் எல்லாம் சமதரையாகி சுவரில் ஒட்டின போஸ்டர் மாதிரி ஆகிவிடும்.

இப்போது வைப்ரன்ஸ். அது நிறம் குறைவாக உள்ள இடத்தில் அதிகமாகக் கூட்டும், ஏற்கெனவே அடர்த்தியான இடத்தில் குறைவாகக் கூட்டும், அதோடு மனிதத் தோலைக் காப்பாற்றுவதற்காக ஆரஞ்சுப் பக்கம் அடக்கி வாசிக்கும். இலையுதிர் காலமே ஆரஞ்சுதானே! ஆகவே நீங்கள் வைப்ரன்ஸைத் தள்ளத் தள்ள, இலை கொஞ்சம் ஏறும், வானமும் தூரத்து மலையின் நீலமும் வேகமாக ஏறும், கடைசியில் கண்ணைக் குத்தும் நீல வானத்துக்குக் கீழே சுமாரான மரங்கள். அதை 5, 10க்கு மேல் நான் தொடுவதில்லை.

நான் போவது கலர் மிக்ஸருக்கு. அங்கே சாச்சுரேஷன் பக்கம் போவதற்கு முன், ஒரு நிறத்தின் வெளிச்சத்தை மட்டும் கூட்டிக் குறைக்கும் லூமினன்ஸுக்குப் போங்கள். மஞ்சளின் லூமினன்ஸை ஒரு 10, 15 இறக்கினால் வெளிறிய எலுமிச்சை மஞ்சள் பழுத்த மாம்பழ மஞ்சளாகும், நிறத்தைக் கூட்டாமலே ஆழம் வந்துவிடும். சிவப்பின் லூமினன்ஸை நேர்மாறாகக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள், இருண்ட மேப்பிளுக்குள் வெளிச்சம் புகும். புல்லையும் பச்சை இலையையும் அடக்க வேண்டும் என்று பச்சை ஸ்லைடரை நகர்த்தி ஒன்றும் நடக்கவில்லை என்று நிறையப் பேர் எழுதுகிறீர்கள். நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிற புல்லில் பெரும்பகுதி லைட்ரூமின் கணக்கில் மஞ்சள். அதனால் மஞ்சளைத் தொட்டால் புல்லும் சேர்ந்து ஆடும், இரண்டையும் பிரிக்க வேண்டுமானால் மாஸ்க்தான் வழி. கடைசியாக, நிழல்களில் ஒட்டியிருக்கும் நீலத்தின் சாச்சுரேஷனைக் கொஞ்சம் குறையுங்கள். வானம் நிழலில் கொட்டிய நீலம் அது. அதைக் கழுவினால் பக்கத்திலிருக்கும் ஆரஞ்சு சுத்தமாகும்.

முடித்ததும் சேமித்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். மறுநாள் காலை பார்த்தால் எல்லா ஸ்லைடரையும் கொஞ்சம் குறைக்கத் தோன்றும், எனக்கு இத்தனை வருடத்துக்குப் பிறகும் தோன்றுகிறது.

மேப்பிள் மரத்தடியில் குடும்பப் படம் எடுத்தோம். மரத்தை எடுப்பாக்கினால் எங்கள் முகம் எல்லாம் செங்கல் நிறமாகிவிடுகிறது. முகத்தைச் சரிசெய்தால் மரம் செத்துவிடுகிறது. – வாசகி, எடிசன்

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. நம் தோல் நிறம், மாநிறமோ கறுப்போ, லைட்ரூமின் கணக்கில் ஆரஞ்சுக்குள்தான் வருகிறது. இலையும் அங்கேதான். ஆரஞ்சைக் கூட்டினால் அம்மா முகம் செங்கல் ஆகும், லூமினன்ஸை ஏற்றினால் பிள்ளைகள் எல்லாம் வெளுத்துப்போய் யாரோ மாதிரி இருப்பார்கள். இணையத்தில் விற்கும் "ஃபால் ப்ரீசெட்"களில் (இலையுதிர் காலத்துக்கான தயார்நிலை எடிட்டிங் அமைப்புகள்) பல முழுப் படத்துக்கும் ஆரஞ்சை முறுக்கிவிடுகின்றன, அதை நம் முகத்தில் போட்டால் நாம் யாரென்று நமக்கே தெரியாது. தோல் நிறத்தை மாற்றிவிட்டு மரத்தைக் காப்பாற்றுவதில் எனக்குத் துளியும் சம்மதம் இல்லை.

லைட்ரூமில் மாஸ்க்கிங்கில் "பீப்பிள்" என்று இருக்கிறது, ஆட்களைத் தானே தேர்ந்தெடுக்கும். அந்த மாஸ்க்கைத் தலைகீழாக்கி, நிறம் சம்பந்தப்பட்ட எல்லா வேலையையும் ஆட்களுக்கு வெளியே மட்டும் செய்யுங்கள். போனில் இலவசமாக ஸ்னாப்சீட் வைத்திருப்பவர்கள் அதன் பிரஷ்ஷால் மரத்தை மட்டும் தேய்க்கலாம், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

எடுக்கும்போதே பாதி வேலையை முடிக்கலாம். மரத்துக்கு நேர் கீழே நின்றால் இலையின் ஊடாக வரும் வெளிச்சம் முகத்திலும் ஆரஞ்சைப் பூசும். மரத்தை விட்டு பத்தடி முன்னால் வந்து திறந்த வானத்தின் கீழ் நில்லுங்கள், மரம் பின்னணியில் இருக்கட்டும். தீபாவளிக்குக் கொஞ்சம் முன்போ பின்போ வருகிற சீசன் என்பதால் நிறையப் பேர் அரக்குப் பட்டு, மஞ்சள் பட்டு கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், மரத்தோடு மரமாகக் கரைந்துபோகிறார்கள். மயில்கழுத்து நிறமோ கருநீலமோ கட்டுங்கள், அந்தச் சிவப்புக்கு முன்னால் அள்ளிக்கொண்டு போகும்.

என் நண்பர் ஆகஸ்ட் மாதம் எடுத்த பச்சைக் காட்டை எடிட்டிங்கில் ஆரஞ்சாக்கி "பீக் ஃபால்" (இலையுதிர் கால நிறம் உச்சத்தில்) என்று போட்டார். லைக்குகள் குவிகின்றன. அது தப்பா? படைப்புச் சுதந்திரம் என்கிறார். – வாசகர், டாலஸ்

தப்பு என்றுதான் நான் சொல்வேன். நிறம் மாற்றியதற்காக இல்லை. சுவரில் மாட்டுவதற்கு ஊதா மரம் வேண்டுமானால் ஊதாவாக்கட்டும், யாருக்கும் நஷ்டமில்லை. "பீக் ஃபால்" என்று இடத்தையும் காலத்தையும் சேர்த்துப் போடுகிறார் பாருங்கள், அங்கேதான். மேலே மிசிசாகா ஐயா எழுதியிருப்பதைப் படித்தீர்களா? அந்த மாதிரிப் படங்களை நம்பித்தான் ஜனங்கள் விடுப்பு போட்டு, ரூம் பதிவு செய்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். கண்டுபிடிப்பதும் சுலபம், மரத்தடிப் புல்லும் ஆரஞ்சாக இருக்கும், பைன் மரத்தின் நுனி துருப்பிடித்திருக்கும், ஓடை நீரில் தெரியும் நிழலில் மட்டும் பச்சை மிச்சமிருக்கும்.

படங்கள் ஒரு ஊரை என்ன செய்யும் என்பதற்கு வெர்மான்ட்டின் பாம்ஃப்ரெட் ஓர் உதாரணம். அங்கே ஒரு தனியார் பண்ணை வீடு, வளைந்து போகும் மண் பாதை, சுற்றிலும் மேப்பிள். இணையத்தில் பரவியதும் கூட்டம் தாங்கவில்லை, வீட்டுக்காரர் நிலத்துக்குள் ஆட்கள் நுழைந்தார்கள், குறுகிய பாதை கார்களால் அடைபட்டது. 2023 இலையுதிர் காலத்தில் அந்தச் சாலையை வெளியூர்க்காரர்களுக்கு மூடியே விட்டார்கள். வேலிக்கு வெளியே நின்று எடுங்கள், சாலையில் வண்டியை அடைக்காதீர்கள், வீட்டுக்காரர் எதிரே வந்தால் ஒரு வணக்கம் சொல்லுங்கள்.

நவம்பர் முதல் வாரம் ஸ்ரீநகர் போகிறோம். சினார் மரம் எடுக்க எங்கே, எந்த நேரம்? – வாசகர், கோயம்புத்தூர்

நல்ல வாரமாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடு வரை சினார் நிறம் மாறும், பச்சை, மஞ்சள், தேன் நிறம், அரக்கு, கடைசியில் பழுப்பு என்று ஒரே மரத்தில் எல்லாம் கலந்து நிற்கும். காஷ்மீரிகள் இந்தப் பருவத்தை ஹருத் என்பார்கள். இலையைப் பார்த்தால் மேப்பிள் மாதிரி ஐந்து விரல் விரித்திருக்கும், ஆனால் அதற்கு இது சொந்தமில்லை. மரமோ பெரியது, நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரங்கள் உண்டு.

வெளிச்சத்தின் திசையை வைத்து இடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஹஸ்ரத்பல் பக்கம், காஷ்மீர் பல்கலைக்கழக வளாகத்தில் நசீம் பாக் என்ற சினார் தோப்பு இருக்கிறது, அது தால் ஏரிக்கு மேற்கே, அதனால் காலை வெயில் ஏரிப்பக்கமிருந்து சாய்ந்து உள்ளே வரும். நிஷாத் பாக் ஏரிக்குக் கிழக்கே, முதுகுக்குப் பின்னால் ஜபர்வான் மலை, காலையில் மலை நிழலிலேயே கிடக்கும், மாலையில்தான் அதன் படிக்கட்டுத் தோட்டம் முழுக்க வெயில் விழும். 1633இல் போட்ட தோட்டம், அதன் நீரோடையில் உதிர்ந்த சினார் இலை மிதக்கும்போது எடுத்துப் பாருங்கள். சூரியன் மாலை ஐந்தரை மணிக்கெல்லாம் இறங்கிவிடும், மூன்றரைக்கே போய்விட வேண்டும்.

சூரியனைப் பார்த்து நின்று எடுங்கள். முன்பக்க வெயிலில் சினார் காய்ந்த சருகு மாதிரிதான் தெரியும், பின்னாலிருந்து வெயில் ஊடுருவினால் தாமிரத் தகடு உள்ளேயிருந்து எரிகிற மாதிரி இருக்கும். லென்ஸில் வெயில் நேராக விழாமல் கையால் ஒரு மறைப்பு கொடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப்பக்கம் உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரித்துக் கரியாக்குவதைப் பார்க்கலாம், குளிர்காலத்தில் கங்கிரி என்ற கணப்புச் சட்டியில் போட அந்தக் கரி உதவும். அந்தப் புகைக்குள் வெயில் கீற்று கீற்றாக இறங்கும். ஆனால் அங்கே இலை கூட்டுகிறவர் வேலை செய்கிற மனிதர். கேமராவைத் தூக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், சலாம் சொல்லிப் பேச்சைத் தொடங்கினால் பெரும்பாலும் தேநீரே கிடைக்கும். ஒரு காலைப்பொழுது மிச்சமிருந்தால் பாம்பூர் போங்கள், அந்த வாரம் குங்குமப்பூ வயல்களில் ஊதாப் பூ மிச்சம் இருக்கக்கூடும்.

திரையில் ஜொலிக்கும் படம் போட்டோ புக்கில் மண் நிறமாக வந்துவிட்டது. பிரிண்ட் போட்டவர் "உங்க ஃபைல் அப்படி" என்கிறார். – வாசகர், கோலாலம்பூர்

அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது, காகிதம் மையால். நாலு மை அச்சில் எரிகிற ஆரஞ்சும் சிவப்பும் அப்படியே வராது, எட்டாத நிறங்களை எல்லாம் இயந்திரம் பக்கத்திலிருக்கும் மந்தமான நிறத்துக்கு இழுத்துவிடும். நம் பத்திரிகைக்கு நீங்கள் அனுப்பும் மேப்பிள் படங்களும் இதே கதைதான், ஆசிரியர் குழுவோடு ஒவ்வொரு ஆண்டும் இதற்காக மல்லுக்கு நிற்கிறேன். லைட்ரூமில் சாஃப்ட் ப்ரூஃபிங் என்று ஒன்று இருக்கிறது, அச்சகத்தின் ப்ரொஃபைலைப் போட்டுப் பார்த்தால் எந்தச் சிவப்பு தாங்காது என்று முன்கூட்டியே காட்டும், அங்கே மட்டும் சாச்சுரேஷனைக் குறைத்து அனுப்பினால் இலை விவரமாவது தப்பிக்கும். திரையின் பிரகாசத்தையும் பாதியாகக் குறைத்துவிட்டு எடிட் செய்யுங்கள். இணையத்தில் போடுவதற்கு எப்போதும் எஸ்ஆர்ஜிபி என்ற நிற வரம்பில் சேமியுங்கள்.

நமக்கு இந்த வெளிநாட்டு யோகமெல்லாம் இல்லை சார். தமிழ்நாட்டில் இலையுதிர் காலம் எடுக்கவே முடியாதா? – வாசகி, விருதுநகர்

முடியும் அம்மா, மாதம்தான் வேறு. நம் ஆறு பருவங்களில் இலையுதிர் என்று ஒரு பருவத்துக்குப் பெயரே வைக்கவில்லை, கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்றுதான் கணக்கு. ஆனால் மாசி, பங்குனியில் சத்தியமங்கலம், முதுமலைப் பக்கத்துக் காய்ந்த காடுகள் உதிர்த்து நிற்கும். அங்கே உதிர்வதற்குக் காரணம் தண்ணீர்ப் பஞ்சம். ஆகவே பழுப்பும் மஞ்சளும்தான் அதிகம், சிவப்பு வேண்டுமானால் அதே நேரத்தில் இலையில்லாத முள்ளிலவிலும் புரசிலும் பூவாகப் பூத்திருக்கும். அது காட்டுத்தீ காலம், மலையேற்றப் பாதைகளை வனத்துறை மூடிவிடும், முதுமலைச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்கவும் கூடாது. ஓடுகிற வண்டியிலிருந்து ஒன்றும் உருப்படியாகக் கிடைக்காது, ஆகவே நான் அங்கே உங்களை அனுப்ப மாட்டேன்.

உங்கள் தெருவிலேயே பாதாம் மரம் இருக்கும், நாட்டு வாதுமை. உதிர்ப்பதற்கு முன் அதன் பெரிய இலைகள் மேப்பிளுக்குச் சமமாகச் சிவக்கும். இன்னொரு விசேஷம், அங்கே கிழட்டு இலையில் வருகிற அதே வகைச் சிவப்பு நமக்கு இளந்தளிரில் வருகிறது. மாந்தளிர் என்று ஒரு நிறத்துக்கே பெயர் வைத்தவர்கள் நாம்தானே. மாவும் அரசும் துளிர்விடும் வாரத்தில் அந்தத் தாமிரச் சிவப்பைப் பாருங்கள், சில நாள்தான் இருக்கும், பிறகு பச்சையாகிவிடும்.

காலை ஏழு மணிக்குள் போங்கள். மரத்துக்கு மறுபக்கம் போய், இலைக்குப் பின்னால் சூரியன் வருகிற மாதிரி கீழே உட்காருங்கள். போனில் இலையைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள், நரம்பு தெரிகிற வரைக்கும். எடுத்ததை எனக்கு அனுப்புங்கள், எடிட் செய்யாமல்.